"தோசை முறுகலா, மெத்துனா?"

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு. நமக்குத்தான் அன்றைக்கு டபுள் டூட்டி! படிக்கிற தோழிகள் வீட்டிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் எழுந்து பல் தேய்க்கவே ஒன்பதரை ஆகும். தோசை ஊற்றி முடிக்கப் பத்தரை. கல்லை இறக்குவதற்குள் "மதியத்துக்கு என்ன?" என்று கேள்வி வந்துவிடும். காலைப் பாத்திரம் சிங்க்கில் அப்படியே கிடக்க, கறிக்கு மசாலா அரைக்கணும். எல்லோரும் சாப்பிட்டுப் படுத்து, அடுப்படியைத் துடைத்துவிட்டு நான் உட்காரும்போது மணி மூன்றரை.

அதனால்தான், எங்க ஊர் திருச்சியில் ஒரு பழைய சைவ ஹோட்டலை மாதக்கணக்கில் பூட்டிப்போட்டுப் புதுப்பித்து, ஞாயிறு மட்டும் பத்தரையிலிருந்து ஒன்றரை வரை 'பிரன்ச்' என்று போர்டு வைத்ததும், என்னவரை நச்சரிக்க ஆரம்பித்தேன். பிரேக்ஃபாஸ்ட்டில் கொஞ்சம், லஞ்சில் கொஞ்சம் எடுத்து ஒட்டிய பெயராம். இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரே சாப்பாடு. 1895-லேயே இங்கிலாந்தில் ஒருத்தர் இதற்கு வக்காலத்து வாங்கிப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார் என்று பத்தாவது படிக்கும் என் பெண் சொன்னாள். ஞாயிறன்று சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம் என்பதுதான் அவர் சொன்ன பெரிய லாபமாம். (சமைக்கிறவள் எத்தனை மணிக்கு எழுந்தாளோ, பாவம்!)

என் மாமியார் காதில் இது 'பிரெஞ்சு' என்று விழுந்துவிட்டது. "பாண்டிச்சேரிச் சாப்பாடா? முட்டை கிட்டை போட்டுடுவானுங்களா?" என்றார். விளக்கிச் சொன்னதும், "அட, எங்க காலத்துல பத்து மணிக்குச் சோறு, மூணு மணிக்குப் பலகாரம்னு இருந்தோமே, அதுதானே! அதுக்கு எதுக்கு இங்கிலீஷ் பேரு?" என்று கேட்டார். நியாயம்தானே?

பெரியவர்களுக்கு 400 ரூபாய், பத்து வயசுக்குள் இருந்தால் 200. என்னவர் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு ரெண்டு ஞாயிறு கறி எடுக்கலாம்" என்றார். "எடுக்கலாம்ங்க. ஆக்குறது யாரு?" என்றேன். அதற்குப் பிறகு பேச்சில்லை.

இங்கே ஒன்று சொல்லியாகணும். போன வருஷம் நாத்தனார் கல்யாண நாளுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் பஃபே கொடுத்தார்கள். அயிட்டம் ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஆனால் நடந்தது என்ன? மாமியாருக்கு முழங்கால் வலி, அவருக்கு நான் தட்டு கொண்டுவந்தேன். பையனுக்கு நூடுல்ஸ், பிறகு மறுபடி ஐஸ்க்ரீம். என்னவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அந்தப் பன்னீர் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" நானும் நாத்தனாரும் ஆளுக்கு ஏழெட்டு நடை நடந்தோம். என் தட்டில் இருந்த நான் ரொட்டி அட்டை மாதிரி ஆகிவிட்டது. சுற்றிப் பார்த்தால் முக்கால்வாசி மேஜைகளில் இதே கூத்துதான். சமையல்தான் அவர்களுடையது, பரிமாறுவது நாம். இந்தப் புது ஹோட்டலில் ஒவ்வொன்றாக மேஜைக்கே வரும் என்று தெரிந்த பிறகுதான் நான் பிடிவாதம் பிடித்தேன்.

போய் இறங்கியதும் மாமியார் தேடியது 'ஃபேமிலி ரூம்'. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். முன்பெல்லாம் ஹோட்டலில் பெண்கள் உட்கார ஓரமாகத் தட்டி அடைத்து, அழுக்குத் திரை தொங்கவிட்டு ஒரு அறை இருக்கும். காற்று வராது, சர்வரும் லேசில் வரமாட்டார். அதையெல்லாம் இடித்துவிட்டு ஒரே கூடமாக்கி, தெருப் பக்கம் பெரிய கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பழைய மார்பிள் மேஜைகளைத் தூக்கிப்போடாமல் பாலிஷ் போட்டு வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. அதைவிடப் பிடித்தது பெண்களுக்கான கழிப்பறை. தாழ்ப்பாள் விழுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, கைப்பையை மாட்டக் கதவுக்குப் பின்னால் கொக்கி இருக்கிறது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று ஆண்கள் கேட்பார்கள், நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

"எல்லாரும் பாக்குற மாதிரி நடுக்கூடத்துலயா?" என்று மாமியார் தயங்கினார். சுவர் ஓரமாக உட்காரவைத்தோம்.

முதலில் ஒரு சின்ன டம்ளரில் நன்னாரி சர்பத் வந்தது. அடுத்தது நெய் சாம்பாரில் ஊறிய குட்டி இட்லி ஐந்தாறும் ஒரு கீரை வடையும். சாம்பாரில் லேசாக வெல்லம் போட்டிருந்தார்கள், எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டார்கள். மூன்றாவது ஆப்பம், தேங்காய்ப்பால். நடுவில் பஞ்சு, ஓரம் பூவாட்டம் மொறுமொறுப்பு. வெண்பொங்கலை முதலில் தராமல் தோசைக்கும் பிறகு வைத்திருந்தார்கள். அது கெட்டிக்காரத்தனம். பொங்கலை முதலில் போட்டால் வயிறு அடைத்து வேறு எதுவும் இறங்காதே! கைப்பிடி அளவு சாம்பார் சாதம், மாதுளை தூவிய தயிர் சாதம், கடைசியில் அசோகா அல்வா, டிகிரி காபி. அசோகாவுக்குப் பாசிப்பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறணும். பருப்பு திப்பித்திப்பியாக நின்றால் நன்றாயிருக்காது. இங்கே பதம் சரியாக இருந்தது. கலர் பொடியை மட்டும் குறைத்திருக்கலாம்.

நான் சொல்ல வந்தது தோசை பற்றி. அந்த சர்வர் தம்பிக்கு இருபது வயசு இருக்கும். ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தவர் மாமியாரிடம், "பாட்டி, உங்களுக்குத் தோசை முறுகலா, மெத்துனா?" என்று கேட்டார். மாமியார் சட்டென்று மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு, "எது இருக்கோ அது போதும்பா" என்றார். "எல்லாம் இருக்கு பாட்டி. உங்களுக்கு எது பிடிக்கும், அதச் சொல்லுங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முறுகலா... நெய் ஊத்தி" என்றார், மெதுவாக, ஏதோ அதிகமாகக் கேட்டுவிட்ட மாதிரி.

அறுபத்தெட்டு வயசு அவருக்கு. வாழ்க்கைப்பட்டு வந்தபோது வீட்டில் பதினோரு பேராம். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, அடி மாவை வழித்துத் தடியாக ஒன்று ஊற்றி, கல் சூடு ஆறுவதற்குள் நின்றுகொண்டே சாப்பிட்ட கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அதைக் குறையாகச் சொன்னதில்லை, அந்தக் காலத்துக் கதையாகத்தான் சொல்வார். முறுகல் தோசை வந்து, ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். என் பெண் பொட்டென்று கேட்டாள்: "அப்பாயி, உங்களுக்கு முறுகல் பிடிக்கும்னு அப்பாவுக்குத் தெரியுமா?" என்னவர் தலையைத் தூக்கவில்லை. சர்வரைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு இன்னொண்ணு கொண்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

என் விஷயமும் கேளுங்கள். வீட்டில் தோசை என்றால் நான் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட முடியாது, கல்லை விட்டு நகரமுடியாதே! அன்றைக்கு ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் சூடாக வந்தது. புருஷன், பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நானும் தோசை சாப்பிட்டேன். அல்வாவைவிட எனக்கு அதுதான் இனித்தது.

பில் வந்ததும்தான் சின்னச் சிக்கல். சாப்பாடு 1800. அதன்மேல் 'சர்வீஸ் சார்ஜ்' 10 சதவீதம், 180. இரண்டையும் கூட்டி அதன்மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 99. ஆகமொத்தம் 2079. என்னவர் பர்ஸைத் திறந்துவிட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்குப் போகிற வரி, அதைக் கட்டித்தான் ஆகணும். இந்த மாதிரி ஹோட்டல்களில் 2017 நவம்பரிலிருந்து ஏ.ஸி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதம்தான். சர்வீஸ் சார்ஜ் அப்படியில்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, கொடுப்பது நம் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லியிருக்கிறது. ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னது சரிதான் என்று தீர்ப்புக் கொடுத்தது.

"விடும்மா, மானம் போவுது" என்றார் என்னவர். நான் கல்லாவுக்குப் போய்ச் சத்தம் போடாமல்தான் கேட்டேன். முதலில், "எங்க ரூல்ஸ் மேடம்" என்றார்கள். "அப்ப 1915-க்கு போன் பண்ணிக் கேக்கலாமா?" என்றேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், எல்லோரும் காலண்டரில் எழுதி மாட்டிக்கொள்ளுங்கள். மறுபேச்சில்லாமல் வேறு பில் அடித்துக் கொடுத்தார்கள். 1800-க்கு வரி 90, மொத்தம் 1890. மிச்சமானது 189 ரூபாய். அதில் நூறை எடுத்து அந்த சர்வர் தம்பி கையில் நேராகக் கொடுத்தேன். பாட்டியைக் கேட்டதற்கு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. சிங்க்கில் ஐந்து காபி டம்ளர்தான். ராத்திரிக்குத் தயிர் சாதமும் வடுமாங்காயும் போதும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

மாசா மாசம் போகிற வசதி நமக்குக் கிடையாது. பழைய பேப்பர் காசு, பால் கவர் காசு என்று தனி டப்பாவில் போட்டு வருகிறேன். அடுத்தது அப்பாயி பிறந்தநாளுக்குத்தான் என்கிறாள் என் பெண். அப்பாயிக்குத் தேதி தெரியாது. ஆடி மாசம், காவிரியில் புதுத் தண்ணி வந்த சமயம் என்று மட்டும் அவருடைய அம்மா சொன்னாராம். ஆடியில் ஒரு ஞாயிறாகப் பார்த்து வைத்திருக்கிறோம்.

- ஒரு வாசகி, திருச்சி.