உங்களுக்குத் தெரியுமா? செர்மாட்டை வளர்த்தது கோடைக்காலம்!

சுவிட்சர்லாந்தின் செர்மாட் என்றதும் பனிச்சறுக்குதான் நினைவுக்கு வரும். அந்த மலைக்கிராமத்தை உலகறியச் செய்ததோ கோடை. அதன் அருகே எழும் 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன் சிகரத்தை மலையேறி எட்வர்ட் விம்பரின் குழு முதன்முதலில் எட்டியது 1865 ஜூலையில். இறங்கும்போது எழுவரில் நால்வர் மாண்ட துயரம் ஐரோப்பாவையே உலுக்கியது. இங்கிருந்து செல்லும், 1898-இல் திறந்த கோர்னர்கிராட் பற்சக்கர ரயிலும் தொடக்கத்தில் கோடையில் மட்டுமே ஓடியது. கிராமத்துக்கு மேலுள்ள தியோடுல் பனியாற்றில் கோடையிலும் சறுக்கலாமே, பனி குறைந்தால் என்ன கவலை என்று கேட்கலாம். வசதி உண்மைதான், ஆனால் 2022 ஜூலை இறுதியில் வெப்பம் மிகுந்து அங்கேயே சறுக்கை நிறுத்த நேர்ந்தது. ஆகவே கோடைப் பயணிகளுக்கான மலை நடைபாதைகளைப் பேணுவதே இக்கிராமத்துக்கு உறுதியான முதலீடு என்பேன். உயரத்தில் உறைநிலம் இளகிக் கற்கள் உருள்வதால் அதற்கும் செலவு கூடும். ஆனாலும் பாதையைச் சீரமைக்க முடியும், உருகிய பனியாற்றை மீட்க முடியாது.