காத்திருக்கத் தெரிந்த கடிதம்

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் கொழுந்து மடுவத்தைப் பார்த்திருப்பீர்கள். தராசு ஒன்று, வரிசையோ நீளம். எல்லாரும் ஒன்றாக உள்ளே நுழைந்தால் ஒருவருடைய கொழுந்தையும் நிறுக்க முடியாது. மின்னஞ்சல் சேவையகத்தின் நிலையும் இதுவே.

வரும் ஒவ்வோர் இணைப்பும், ஒவ்வொரு வைரஸ் சோதனையும் பிரதான நினைவகத்தில் இடம் கேட்கும். இடம் தீர்ந்தால் பணிசெயல் முறைமை தரவுகளை வன்தட்டுக்கு மாற்றி மாற்றி எடுக்கும். உயர்தரத்தில் நான் கற்கும் மாய நினைவகம் இதுதான். வன்தட்டு மெதுவானது, இடமாற்றத்திலேயே நேரம் கழிந்துவிடும்.

நினைவகத்தைக் கூட்டப் பணம் வேண்டும். செலவில்லாத வழி, ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளுக்கு எல்லை வைப்பது. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருளில் ஒவ்வொரு சேவைக்கும் இயல்பான எல்லை 100. சிறிய சேவையகத்தில் அதைக் குறைத்தால், மற்றவை வெளியே காத்திருக்க, உள்ளே வேலை சீராக நடக்கும்.

காத்திருக்கும் கடிதம் தொலையுமா? "பிறகு வா" என்று பதில் வந்தால், அனுப்பிய சேவையகம் கடிதத்தை வைத்திருந்து பொதுவாக நான்கைந்து நாட்கள் மீண்டும் மீண்டும் முயலும். முடியாவிட்டால் நமக்கு அறிவிக்கும். 1990இல் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் மின்னஞ்சலும் கடிதங்களைச் சேர்த்துவைத்து, தொலைபேசி இணைப்பு எடுத்தபோதே அனுப்பியது.

ஆகவே, விண்ணப்பம் அனுப்பிப் பதில் தாமதித்தால் பத்துத் தடவை அனுப்பாதீர்கள். அது வரிசையைத்தான் நீட்டும்.