காலடியில் ஓர் அலைகடல்

கலைப் படைப்பு என்றதும் சுவரில் தொங்கும் ஓவியமும் பீடத்தின்மேல் நிற்கும் சிலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றை எட்ட நின்றே காண வேண்டும். ஆனால் மக்கள் நாள்தோறும் மிதித்து நடக்கும் கலைப் படைப்பு ஒன்று பிரேஸில் நாட்டில் உண்டு. ரியோ டி ஜனைரோ நகரின் கோபகபானா கடற்கரையை ஒட்டிய நடைபாதையே அது.

ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு, வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கரிய கல்லும் மாறி மாறி அலை அலையாக வளைந்து செல்கின்றன. தரை சமமானதே, எனினும் கண்ணுக்கு அது ஏறி இறங்குவதுபோல் தோன்றும்.

இக்கோலம் பிறந்த நாடு போர்ச்சுகல். 1842-இல் லிஸ்பன் நகரின் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தலைவராயிருந்த எயுசேபியோ ஃபுர்த்தாது என்னும் படை அதிகாரி, கைதிகளைக் கொண்டு அங்கே கறுப்பு வெள்ளைக் கல் தளம் அமைத்தார். மக்கள் அதை விரும்பினர். 1848-49-இல் அந்நகரின் ரோஸியோ சதுக்கம் அலைக்கோலத்தால் நிரம்பிற்று. 'அகன்ற கடல்' என்று அதற்குப் பெயர். கடலோடிகளின் நாட்டுக்குப் பொருத்தமான பெயர்தான். அங்கு வந்த ஆங்கிலேயரோ வேடிக்கையாக 'ஆடி அசையும் சதுக்கம்' என்றனர்.

கோபகபானா, 1892-இல் குன்றைக் குடைந்து சுரங்கப் பாதை அமைந்த பின்னரே நகரோடு நெருங்கி இணைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரியோ நகரைச் சீரமைத்தபோது, போர்ச்சுகலிலிருந்து கல் பதிக்கும் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். அலைக்கோலமும் அவர்களுடன் கடல் கடந்தது. முதலில் அலைகள் கரைக்குக் குறுக்கே ஓடின. பின்னரே கரைக்கு இணையாக அமைந்தன. 1970-ஆம் ஆண்டளவில் மணல் கொட்டிக் கடற்கரையையும் சாலையையும் அகலப்படுத்தினர். அப்போது தோட்டக் கலைஞரும் ஓவியருமான ராபர்டோ புர்லெ மார்க்ஸ் (1909-1994) பழைய அலையைக் கைவிடாது, அதன் வளைவுகளைப் பெரிதாக்கினார். சாலையின் நடுவிலும் கட்டடங்களின் ஓரத்திலும் மூவண்ணக் கற்களால் புதிய வடிவங்களைச் சேர்த்தார். மாடிகளில் வாழ்வோர் மேலிருந்து கண்டு மகிழ அவை ஏற்றவை.

இத்தளம் அமைக்கும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. மணற் படுகைமீது அச்சுச் சட்டத்தை வைத்து, கற்களைச் சிறு சுத்தியலால் உடைத்து ஒவ்வொன்றாகப் பதிக்கின்றனர். இடுக்குகளில் மணல் தூவி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடிக்கின்றனர். மழைநீர் அவ்விடுக்குகளின் வழியே மண்ணில் இறங்கும். பழுது நேர்ந்தால் கற்களைப் பெயர்த்து, அவற்றையே மீண்டும் பதிக்கலாம்.

குறைகளும் இல்லாமலில்லை. தேய்ந்த கல் மழையில் வழுக்கும். வண்டி ஏறினால் கல் பெயரும். ஒரு கல் போனால் பக்கத்துக் கற்களும் தளரும். அவ்விடத்தைச் சிமெண்டால் பூசி மூடுவது மலிவுதான். ஆனால் அங்கே அலை அறுந்துவிடும். கைதேர்ந்தோர் அருகி வந்ததால், லிஸ்பன் நகராட்சி 1986-இல் கல் பதிப்போருக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவியது.

2012-இல் யுனெஸ்கோ நிறுவனம் ரியோவின் மலையும் கடலும் சூழ்ந்த நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோபகபானா கடற்கரையும் அதில் அடங்கும். பட்டியலில் இடம்பெறுவது பெருமையே. எனினும் பெயர்ந்த கல்லை முழந்தாளிட்டுப் பதிக்கத் தெரிந்தவர் இருக்கும் வரையில்தான் அலை நிலைக்கும். பொது இடத்தில் கலையை நிறுவ விரும்பும் நகரங்கள், அதைப் பேணும் தொழிலாளியின் பயிற்சிக்கும் கூலிக்கும் தொடக்கத்திலேயே வழி செய்வது நலம்.