அலாரம் அலறியது அணுமின் நிலையத்தில்... ஆபத்து இருந்ததோ வீட்டில்! ரேடான் வாயுவைக் கண்டுபிடிப்பது எப்படி?

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்திலுள்ள லிமரிக் அணுமின் நிலையம். அங்கு வேலை பார்த்த பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ் அருகில் வந்தாலே கதிர்வீச்சு சோதனைக் கருவி அலறியது. ஒரு நாள் அல்ல, தொடர்ந்து பல நாள்கள். அணு உலையோ அப்போது மின் உற்பத்தியைத் தொடங்கவே இல்லை.

ஒருநாள் வேலைக்கு வந்த வாட்ரஸ், உள்ளே போகாமல் நேராகக் கருவியின் முன் நின்றார். அப்போதும் அலாரம் அடித்தது. அப்படியென்றால், கதிர்வீச்சை அவர் வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறார்!

வீட்டைச் சோதித்தபோது, ஒரு லிட்டர் காற்றில் சுமார் 2,700 பிகோகியூரி ரேடான் இருந்தது. 4 இருந்தாலே வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மனைவி, குழந்தைகளோடு வாட்ரஸ் வீட்டைவிட்டு வெளியேறினார்.

எங்கிருந்து வருகிறது?

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதையும்போது ரேடான் உருவாகிறது. நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. திறந்தவெளியில் காற்றோடு கலந்து நீர்த்துவிடும். ஆனால் தரை விரிசல், குழாய் இடுக்கு வழியே வீட்டுக்குள் புகுந்தால் தேங்கிவிடும். குளிருக்காக ஜன்னல்களை அடைத்து வைக்கும் நாடுகளில், நிலவறை உள்ள வீடுகளில் சிக்கல் அதிகம்.

இதைச் சுவாசித்தால் உடனே இருமலோ தலைவலியோ வராது. பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் புற்றுநோயாக வெளிப்படலாம். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இதனால் இறப்பதாக அந்த முகமை மதிப்பிடுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

சோதிப்பது எப்படி?

* கரித்தூள் அடங்கிய சிறு டப்பாவை, ஆட்கள் புழங்கும் கீழ்த்தளத்தில் சில நாள்கள் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.
* 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல், கதவுகளை மூடி வைக்க வேண்டும்.
* சமையலறை, குளியலறையில் வைக்கக் கூடாது.
* ரேடான் அளவு நாளுக்கு நாள் மாறும். 90 நாள்களுக்கு மேல் அளக்கும் கருவி துல்லியமான சராசரியைத் தரும்.
* பக்கத்து வீட்டு முடிவை நம்பக் கூடாது. வீட்டுக்கு வீடு அளவு மாறும்.

குறைப்பது எப்படி?

விரிசலை அடைத்தால் மட்டும் போதாது. கான்கிரீட் தரையில் துளையிட்டு, பிளாஸ்டிக் குழாய் இறக்கி, அதில் மின்விசிறி பொருத்துவார்கள். அது தரைக்கு அடியிலுள்ள வாயுவை உறிஞ்சி, கூரைக்கு மேலே வெளியேற்றிவிடும். பிறகு மறுபடியும் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

அமெரிக்காவில் வீடு வாங்கும் உங்கள் பிள்ளையோ உறவினரோ 'ரேடான் டெஸ்ட்' பற்றிப் பேசினால், வீண் செலவு என்று தடுக்காதீர்கள். வாட்ரஸின் வீட்டையும் இப்படித்தான் சரிசெய்தார்கள். சில மாதங்களில் அந்தக் குடும்பம் அதே வீட்டுக்குத் திரும்பியது!