முதல் நெடுந்தூரச் சவாரி: தூரமும் வேகமும்

1892-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஜெர்மானிய, ஆஸ்திரிய ராணுவ உத்தியோகஸ்தர்கள், பெர்லின், வியன்னா நகரங்களுக்கு இடையேயுள்ள 350 மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் குதிரை மீதேறிப் பந்தயமாகக் கடந்தனர். ஆஸ்திரியரான ஸ்டார்ஹெம்பர்க் பிரபு 71 மணி நேரத்திற்குச் சற்று அதிகமான காலத்தில் வந்து முதலிடம் பெற்றார். அவரைச் சுமந்து வந்த ஆதோஸ் என்னும் குதிரையோ சின்னாட்களில் மாண்டது. அப்பந்தயத்தில் இறந்த குதிரைகள் வேறு பலவும் உண்டு. நேரத்தை மாத்திரம் அளந்து, குதிரையின் தேக நிலையை அளவாது விட்டால் விளைவது இதுவே.

இக்காலத்து நெடுந்தூரச் சவாரி இதற்கு நேர் எதிரான கொள்கையின் மீது நிற்பது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், 1955-ம் வருஷம் வெண்டல் ரோபி என்பவர் சிலருடன் தஹோ ஏரிப் பக்கத்திலிருந்து ஆபர்ன் நகர் வரை 100 மைல் மலைப்பாதையை ஒரே நாளில் கடந்து காட்டினார். அதுவே வருஷந்தோறும் நடைபெறும் டெவிஸ் கோப்பைச் சவாரியாயிற்று. 1972-ல் அந்நாட்டில் இதற்கென ஒரு சங்கமும் ஏற்பட்டது. முடிப்பதே வெற்றி என்பது அச்சங்கத்தார் கொண்ட வாக்கு. வழியில் குறித்த இடங்களில் மிருக வைத்தியர்கள் ஒவ்வொரு குதிரையையும் சோதித்து, தகுதியுள்ளதை மாத்திரமே மேற்செல்ல விடுவார்கள்.

முதன்முதல் செல்வோர் 100 மைலையும் 50 மைலையும் மறந்துவிட வேண்டும். அமெரிக்கச் சங்கத்தில் 25 முதல் 35 மைல் வரையுள்ள குறுந்தூரப் பிரிவு ஒன்று உண்டு. அதிற் சேரக் குதிரைக்கு 4 வயதும், 50 மைலுக்கு 5 வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும். காரணம் யாதெனில், பயிற்சியினால் இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பலப்படும். தசைநார்களும் எலும்புகளும் குளம்புகளும் உறுதிப்பட மாதக்கணக்காகும். மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று ஏமாந்து கால்களைக் கெடுத்துக்கொண்டவர்கள் அநேகர்.

சவாரியைத் தேர்ந்தெடுக்கையில், முதலாவது வீட்டிற்கு அண்மையில் நடப்பதையே நாடுக. வண்டியில் நெடுநேரம் நின்று வந்த குதிரை புறப்படுமுன்பே களைத்திருக்கும். இரண்டாவது நிலத்தின் தன்மை. சமநிலத்திற் பழகியதை மலைச் சரிவிற்கும், கெட்டித் தரையிற் பழகியதை ஆழ்ந்த மணலுக்கும் கொண்டு செல்லலாகாது. மணல் தசைநார்களை மிகவும் வருத்தும். பருவத்தையும் கவனிக்க வேண்டும். பாரன்ஹீட் உஷ்ண அளவையும் காற்றின் ஈரப்பத வீதத்தையும் கூட்டிப் பார்த்து, தொகை 150-க்கு மேற்பட்டால் வியர்வை நன்கு உலராது, உடற்சூடு தணிவது தடைப்படும் என்று அறிக. 180-ஐ எட்டும் நாளில் வீட்டிலேயே இருப்பது நலம்.

இனி வேகம். 25 மைலுக்கு 6 மணி நேரம் கெடு. நடுவில் கட்டாயமாக நிற்கும் நேரமும் இதில் அடங்கும். நிற்பது ஒரு மணி என்று கொண்டால் ஐந்து மணி நேரம் மிஞ்சும். குதிரையின் நடை மணிக்கு 4 மைல்; டிராட் எனப்படும் பெருநடை சுமார் 8 மைல். பாதி வழி நடந்தும் பாதி வழி பெருநடையிலும் சென்றால் 4 மணி 41 நிமிஷத்திற் கடந்துவிடலாம். ஆகவே பாய்ச்சலே இன்றிக் கெடுவுக்குள் முடித்தல் கூடும். ஊரில் ஒரு மைலை அளந்து அடையாளமிட்டு, தம் குதிரை ஒவ்வொரு நடையிலும் எத்தனை நிமிஷத்திற் கடக்கிறதென்று பலமுறை பார்த்து வைத்துக்கொண்டால், சவாரியன்று ஊகத்தை நம்ப வேண்டியதில்லை.

ஊகத்தைக் கெடுப்பது கூட்டமே. ஐம்பது குதிரைகள் ஒருசேரப் புறப்படுகையில், சாதுவான பிராணியும் வெறி கொண்டு இழுக்கும். முன்னே செல்வோர் போகட்டும் என்று பத்து, பதினைந்து நிமிஷம் பின்தங்கிப் புறப்படுவதே எமக்கு உத்தமமாகத் தோன்றுகிறது. அந்த இழப்பைப் பிற்பகலில் எளிதில் ஈடு செய்யலாம். முதல் ஐந்து மைலில் வீணாக்கிய பலத்தை எவ்விதத்தும் ஈடு செய்ய இயலாது.

குதிரை தன் களைப்பை மறைக்கும், நாடி மறைக்காது. ஓய்ந்திருக்கையில் நாடி நிமிஷத்திற்கு 28 முதல் 44 வரை துடிக்கும். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னே குழாய் வைத்து 15 விநாடி எண்ணி நான்காற் பெருக்குக. மேற்சொன்ன குறுந்தூரப் பிரிவில், வந்து சேர்ந்த அரை மணிக்குள் நாடி 60-க்கு இறங்க வேண்டும். இறங்கிய நேரமே முடித்த நேரமாகக் கொள்ளப்படும். எனவே கடைசி மைலில் விரட்டுவதால் லாபமில்லை. இறங்கிக் கூடவே நடந்து வருபவருக்கே லாபம். வழியில் நிறுத்திப் பத்து நிமிஷமாகியும் 64-க்குக் கீழே வராவிடின், வந்த வேகம் அதிகம் என்று உணர்ந்து அதைக் குறைத்தல் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. குதிரையின் வியர்வை உப்பு மிகுந்தது. நீருடன் உப்பும் வெளியேறுவதால் இரத்தம் அதிகமாகச் செறிவதில்லை; ஆதலால் உடல் வறண்டிருந்தும் தாகம் தோன்றாமற் போகலாம். வெயிலில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்வையாகப் போகக்கூடும். ஆகையால் நீர் கண்ட இடமெல்லாம் நிறுத்தி, அது குடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருக்கவும். கழுத்தின் மீதும் கால்களின் மீதும் நீர் ஊற்றவும். வழியிற் புல் மேய விடுவதும் நேர விரயமன்று. குடலுக்கு அது மருந்து.

மூச்சின் கதியிலன்றி நாடித் துடிப்புக்கு ஒத்து விலாப்புறம் துள்ளினாலும், பின்தொடைத் தசைகள் கல்லாக இறுகிச் சிறுநீர் கறுத்துப் போனாலும், தீனியை வெறுத்து வயிற்றைத் திரும்பிப் பார்த்தாலும் அவ்விடத்திலேயே நிறுத்தி மிருக வைத்தியரை வரவழைக்க வேண்டும். தசை இறுகிய குதிரையை இன்னும் சிறிது நடத்திப் பார்ப்போம் என்பது பெருந்தவறு. நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

சவாரி முடிந்த இரவில் இரண்டொரு முறை எழுந்து சென்று, குதிரை தின்கிறதா, சாணம் இடுகிறதா, கால்களில் வீக்கமோ சூடோ உண்டா என்று பார்க்கவும். மறுநாட் காலையில் நடத்திப் பார்த்து, நொண்டாமலிருந்தாலன்றி வண்டியில் ஏற்றலாகாது. ஊர் சேர்ந்தபின் இரண்டு வாரங்கள் சேணமின்றி மேய்ச்சலில் விடுக.