பணியிடத்தில் உடைப் பாராட்டு

பணியிடத்தில் உடைப் பாராட்டு என்பது ஒருவர் அணிந்து வந்திருக்கும் புடவை, சுடிதார், சட்டை, வேட்டி முதலியவற்றைப் பற்றி உடன் பணிபுரிபவர் சொல்லும் நற்சொல்லைக் குறிக்கும். பெண்கள் தங்களுக்குள்ளும் ஆண்கள் தங்களுக்குள்ளும் இவ்வாறு பேசிக்கொள்வது அன்றாட நிகழ்வு. எதிர்பாலினத்தவர் சொல்லும்போது அதே சொல் நட்பாகவும் அமையலாம், சங்கடமாகவும் அமையலாம், சில சூழல்களில் சட்டப்படி பாலியல் துன்புறுத்தலாகவும் ஆகலாம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் உள்ள அதிகார உறவும், பிடிக்கவில்லை என்று கேட்பவரால் சொல்ல முடிகிறதா என்பதும் இந்த வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆயிரக்கணக்கான பெண்கள் நூற்பாலைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் திண்டுக்கல் மாவட்டத்தில் இது அன்றாட வாழ்வைத் தொடும் பொருளாகும்.

மொழியியல் நோக்கு

பாராட்டு எளிய செயலாகத் தோன்றினாலும் அதைப் பெறுபவருக்கு ஓர் இக்கட்டைத் தருகிறது. அமெரிக்க ஆய்வாளர் அனிதா பொமரான்ட்சு 1978-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார். சொன்னவரை மறுத்தால் மரியாதைக் குறைவாகும், ஒப்புக்கொண்டால் தற்புகழ்ச்சியாகும். இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடுவதால், பாராட்டுப் பெறுபவர்கள் பெரும்பாலும் அதன் மதிப்பைக் குறைத்தோ வேறொருவர் பக்கம் திருப்பியோ பதில் சொல்கிறார்கள்.

தமிழில் இத்தகைய பதில்கள் மிகுதி. "பழைய சேலைதாங்க", "ஆடித் தள்ளுபடியில எடுத்தது", "எங்க அக்கா குடுத்தது", "தங்கச்சி செலெக்சன்" போன்றவை பாராட்டை ஏற்றுக்கொண்டே தன்னிடமிருந்து விலக்கிவிடுகின்றன.

பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் உருவாக்கிய மரியாதைக் கோட்பாடும் இங்குக் கருதத்தக்கது. அக்கோட்பாட்டுக்கு அடிப்படையான மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று; கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பேச்சுத்தமிழ் அதற்குத் தரவாக அமைந்தது. பாராட்டுகூடக் கேட்பவருக்கு நெருக்கடி தரக்கூடும் என்பது அவர்கள் கருத்து. ஒரு பொருளைப் புகழ்பவர் அதை விரும்புகிறார் அல்லது அதன்மேல் பொறாமை கொள்கிறார் என்று கேட்பவர் எண்ண இடமுண்டு. 'கண் பட்டுவிடும்' என்ற தமிழர் அச்சமும் இதே எண்ணத்தைச் சொல்கிறது.

தமிழ்ச் சூழலில் உடைப் பேச்சு

தமிழ்ப் பணியிடங்களில் உடைப் பாராட்டு நேரடிப் புகழ்ச்சியாக வருவதைவிடக் கேள்வியாக வருவதே வழக்கம். "புதுசா?", "எங்க எடுத்தீங்க?", "என்ன விசேஷம்?", "பொறந்த நாளா?" என்ற கேள்விகளே பாராட்டின் வேலையைச் செய்துவிடுகின்றன. "அழகா இருக்கீங்க" என்று ஓர் ஆண் பெண்ணிடம் முகத்துக்கு நேரே சொல்வது, உறவினர் அல்லாதவரிடையே பழகிய வழக்கமன்று. அதனால் இதே பொருள்கொண்ட தொடர் வேறு மொழியில் தரும் எடையைவிடத் தமிழில் கூடுதலான எடையைத் தருகிறது.

முறைப்பெயர்களும் இதில் பங்கு வகிக்கின்றன. "அக்கா, இந்தக் கலர் உங்களுக்கு நல்லா இருக்கு" என்று இளைய ஆண் சொல்லும்போது 'அக்கா' என்ற விளி உறவின் எல்லையை முன்கூட்டியே வரைந்துவிடுகிறது. "அண்ணே, சட்டை சூப்பரா இருக்கே" என்று பெண் சொல்வதும் அவ்வாறே. விளியை விட்டுவிட்டு, அல்லது பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டு, தனியாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லும்போது அந்த எல்லை மங்குகிறது. முறைப்பெயர் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. 'தங்கச்சி' என்று அழைத்துக்கொண்டே தொல்லை தருவோரும் உண்டு.

நத்தம் போன்ற ஊர்களில் துணி என்பது தொழிலும்கூட. நத்தத்தில் சட்டை முதலிய ஆயத்த ஆடைகள் தைக்கும் சிறு கூடங்கள் உள்ளன. இதே மாவட்டத்தின் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்றது. தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்பவர்கள் பிறர் உடையில் முதலில் பார்ப்பது தையலையும் துணியின் தரத்தையும்தான். "காலர் நல்லா உக்காந்திருக்கு", "பார்டர் எடுப்பா இருக்கு" என்ற பேச்சு அங்கு ஆண், பெண் வேறுபாடின்றித் தொழிற்பேச்சாகவே நடக்கிறது. தீபாவளி, பொங்கல், நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா ஆகியவற்றை ஒட்டிப் புத்தாடை பற்றிய பேச்சு கூடுவதும் இயல்பே.

சாதாரணப் பேச்சு எப்போது மாறுகிறது

உடையைப் பற்றிய சொல் எந்த இடத்தில் பாராட்டு என்ற நிலையைக் கடக்கிறது என்பதைக் கீழ்க்காணும் கூறுகளைக் கொண்டு அறியலாம்.

பொருளா, உடலா: "இந்தச் சேலையின் நிறம் நன்றாக உள்ளது" என்பது பொருளைப் பற்றியது. உடை உடலில் எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பற்றிய சொல் உடலைப் பற்றியது. "நேத்துப் போட்டிருந்ததுதான் உங்களுக்கு எடுப்பா இருந்தது" என்பது நாள்தோறும் கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வைக் கேட்பவரிடம் ஏற்படுத்தும்.

அதிகாரம்: உடன் தைப்பவர் சொல்வதும், உற்பத்திக் கணக்கு எழுதி, விடுப்புக்கு ஒப்புதல் தந்து, மிகைநேர வேலையைப் பிரித்துக்கொடுக்கும் மேற்பார்வையாளர் சொல்வதும் ஒன்றாகா. முன்னவரிடம் "போதும் அண்ணே" என்று சொல்லிவிடலாம். பின்னவரிடம் அதைச் சொன்னால் மறுநாள் இலக்கு கூடுமோ என்ற அச்சம் எழும்.

திரும்பத் திரும்பச் சொல்லுதல்: கேட்பவர் பேச்சை மாற்றியும் பதில் சொல்லாமல் நகர்ந்தும் விட்ட பிறகு தொடர்ந்து சொல்வது, அவரது விருப்பமின்மையைப் பொருட்படுத்தாத செயலாகும்.

இடமும் நேரமும்: பலர் நடுவே சொல்வதற்கும் இரவு நேரத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் வேறுபாடு உண்டு.

சிரிப்பைச் சம்மதமாகக் கொள்வது இதில் நிகழும் பொதுவான பிழை. மேலாளர் சொன்னதற்குப் பெண் ஊழியர் சிரித்துவிட்டு நகர்வது பல நேரங்களில் வேலையைக் காத்துக்கொள்ளும் வழியாகவே அமைகிறது. வெளியே தெரிந்தால் ஊரார் தன்னையே குறை சொல்வர், வீட்டார் வேலையை நிறுத்திவிடுவர் என்ற எண்ணமும் அவரைப் பேசவிடாமல் தடுக்கும்.

சட்ட நிலை

இந்தியாவில் இப்பொருளுக்கான அடித்தளம் 1997 ஆகத்து 13 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த விசாகா தீர்ப்பாகும். அதன் வழிகாட்டுதல்களின் தொடர்ச்சியாகப் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டு திசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இது 'போஷ் சட்டம்' என்று பரவலாக அழைக்கப்படுகிறது.

இச்சட்டம் பாலியல் தன்மைகொண்ட, விரும்பத்தகாத சொல், செயல், சைகை ஆகியவற்றைத் துன்புறுத்தலாக வரையறுக்கிறது. பாலியல் சாயல்கொண்ட பேச்சு அதில் தனியே குறிப்பிடப்படுகிறது. 'விரும்பத்தகாத' என்பதே இங்கு முதன்மைச் சொல். வேலையில் சலுகை தருவதாகவோ கேடு செய்வதாகவோ குறிப்பால் உணர்த்துவதும், பணிச்சூழலை அச்சம் தருவதாக மாற்றுவதும் இவ்வரையறையோடு சேர்த்துப் பார்க்கப்படும். நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடமாகவே கருதப்படும். எனவே ஆலைப் பேருந்தில் நிகழும் பேச்சும் இச்சட்டத்துக்கு உட்பட்டது.

2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு, பாலியல் சாயல்கொண்ட பேச்சுக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் நோக்குடன் பேசுவதும் சைகை செய்வதும் 79-ஆம் பிரிவில் அடங்கும். அதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

நீதிமன்றத் தீர்ப்புகள்

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்று உயர் நீதிமன்றங்கள் இப்பொருளை ஒட்டிய வழக்குகளில் தீர்ப்பளித்தன.

சனவரி மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம், பெண் ஊழியரின் உடலமைப்பைப் புகழ்ந்து சொன்னதும் முதல் நோக்கில் பாலியல் சாயல்கொண்ட பேச்சாகும் என்று கூறி, சொன்னவர்மீதான குற்ற வழக்கை நீக்க மறுத்தது. 'நல்ல உடலமைப்பு' என்பது பாராட்டுதானே என்ற வாதம் அங்கு ஏற்கப்படவில்லை.

அதே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர். என். மஞ்சுளா, தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் மூன்று பெண் ஊழியர்கள் அளித்த புகார் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தார். செய்தவரின் நோக்கத்தைவிட அச்செயலைப் பெண் எவ்வாறு உணர்ந்தார் என்பதற்கே சட்டம் முதன்மை தருகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். 'தவறாக எண்ணிச் சொல்லவில்லை' என்பது மட்டும் விடையாகாது என்பதை இத்தீர்ப்பு தெளிவாக்கியது.

மார்ச்சு மாதத்தில் மும்பை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு வேறுவகையானது. தனியார் வங்கியின் பயிற்சிக் கூட்டத்தில், உடன் பணிபுரியும் பெண்ணின் நீண்ட கூந்தலைப் பற்றி ஓர் ஆண் அலுவலர் வேடிக்கையாகப் பேசி, கூந்தல் பற்றிய திரைப்பாடலையும் பாடியிருந்தார். சொல்லப்பட்ட நேரத்தில் அப்பெண் அதைத் துன்புறுத்தலாகக் கொள்ளவில்லை என்பதைக் கருத்தில் கொண்ட நீதிமன்றம், அந்நிகழ்வை அப்படியே ஏற்றாலும் அது பாலியல் துன்புறுத்தலாகாது என்று முடிவு செய்தது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு போக்கு தெரிகிறது. தோற்றத்தைப் பற்றிய ஒவ்வொரு சொல்லும் குற்றமன்று. அதே நேரத்தில், பாராட்டு என்று பெயரிட்டதாலேயே ஒரு சொல் குற்றமற்றதாகிவிடுவதும் இல்லை.

திண்டுக்கல் ஒப்பந்தம்

சட்டம் இருந்தும் புகார் வராமைக்குக் காரணம் அச்சமே என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் மிகுந்த விலை கொடுத்து அறிந்தது. 2021 சனவரியில் இம்மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அவரது மேற்பார்வையாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. தொழிலாளர்களும் சங்கத்தினரும் அதன்பின் நடத்திய இயக்கத்தின் விளைவாக 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உருவானது.

பெண்கள் தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசியத் தரைமட்டக் கூலிக் கூட்டணி முதலிய அமைப்புகளுக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் இடையே இது கையெழுத்தானது. எச் அண்ட் எம் முதலிய பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் இதன்படிக் கடமை ஏற்றன. பாலினம், சாதி, புலம்பெயர்வு ஆகியவற்றின் அடிப்படையிலான வன்முறையையும் பாகுபாட்டையும் இது தடைசெய்தது. தொழிலாளர்களுள் சிலர் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, தையல் வரிசையிலேயே சிக்கலைக் கண்டறிந்து தெரிவித்தனர். புகார் செய்பவரைப் பழிவாங்கவும் தடை விதிக்கப்பட்டது.

கொலை போன்ற கொடுமைக்கும் "சேலை நல்லா இருக்கு" என்ற சொல்லுக்கும் நெடுந்தொலைவு உண்டு. எனினும் சிறிய சொல்லைக்கூட "வேண்டாம்" என்று சொல்லித் தடுக்க முடியாத இடத்தில் பெரிய தவறுகளையும் தடுக்க முடியாது என்ற புரிதலே இத்தகைய ஏற்பாட்டின் அடிப்படை.

சிறு கூடங்களில் புகார் அளித்தல்

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஒவ்வொரு பணியிடத்திலும் உள்ளகப் புகார் குழு அமைக்கப்பட வேண்டும். மூத்த பெண் ஊழியர் அதன் தலைவராகவும், உறுப்பினருள் பாதிப்பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியிலிருந்து வந்தவராகவும் இருக்க வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஐந்தாறு இயந்திரங்களுடன் இயங்கும் தையல் கூடங்களுக்கு இவ்விதி பொருந்தாது. அங்குப் பணிபுரியும் பெண்களும், முதலாளிமீதே புகார் சொல்ல விரும்புவோரும் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார் குழுவை நாடலாம். வட்ட அளவில் புகாரைப் பெற்று ஏழு நாட்களுக்குள் அக்குழுவுக்கு அனுப்ப ஓர் அலுவலரை நியமிக்கவும் சட்டம் கூறுகிறது. எனவே நத்தம் வட்டத்திலுள்ள ஒருவர் புகார் அளிக்க ஒவ்வொரு முறையும் திண்டுக்கல் வரை செல்லவேண்டிய தேவை சட்டப்படி இல்லை.

நிகழ்வு நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் அளிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். எழுத இயலாதவருக்குக் குழு உதவ வேண்டும். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். பெயர் விவரங்களை வெளியிடக் கூடாது. புகாரை மெய்ப்பிக்க முடியாமற் போனது மட்டுமே அது பொய்ப்புகார் என்பதற்குச் சான்றாகாது.

ஆண்கள் பெறும் பாராட்டு

பெண் சக பணியாளர் உடையைப் பாராட்டும்போது ஆண்களும் சங்கடப்படலாம். பிறர் கேலி செய்வதும், பாராட்டைக் காதல் குறிப்பாகத் தவறாகக் கொள்வதும் உண்டு. 2013 சட்டத்தின்கீழ்ப் பெண்கள் மட்டுமே புகார் அளிக்க முடியும். ஆண்கள் தங்கள் நிறுவனத்தின் பணி விதிகளின்படி முறையிடலாம். உயர்கல்வி நிறுவனங்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் துன்புறுத்தலுக்கு உள்ளாகக்கூடும் என்பதை ஏற்றுள்ளன.

ஏற்பதும் மறுப்பதும்

விருப்பமான பாராட்டுக்கு "நன்றிங்க" என்ற ஒற்றைச் சொல் போதும். விளக்கம் தரவோ பதிலுக்குப் பாராட்டவோ கடமை இல்லை. பிடிக்காதபோது வேலையின் பக்கம் பேச்சைத் திருப்புவது முதல் வழி. தொடர்ந்தால் "என் டிரெஸ்ஸைப் பத்திப் பேச வேண்டாம் சார், எனக்குப் பிடிக்கல" என்று தெளிவாகச் சொல்லலாம். நாள், நேரம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் ஆகியவற்றைக் குறித்து வைப்பதும், குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதும் பின்னர் உதவும். முகத்துக்கு நேரே மறுக்கவில்லை என்பதால் புகார் அளிக்கும் உரிமை போய்விடாது.

பாராட்ட விரும்புபவர், இதே சொல்லைப் பலர் முன்னிலையில், தம் வயதை ஒத்த ஆண் ஒருவரிடமும் இதே குரலில் சொல்வோமா என்று எண்ணிப் பார்க்கலாம். ஒருமுறை சொல்லி, பதிலை எதிர்பாராமல் வேலைக்குத் திரும்பினால், கேட்பவர் அதை விரும்பியபடி ஏற்கவோ விட்டுவிடவோ இடம் கிடைக்கும்.