கூட்டத்தில் கொஞ்சம் இங்கிதம்

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கிறது டிஸ்னி வேர்ல்டின் ‘மாஜிக் கிங்டம்’. 1971-ல் திறந்தது. தங்கை வீட்டுக்குப் போனபோது நாங்களும் போய் வந்தோம். கார் நிறுத்துகிற இடத்துக்கும் பூங்கா வாசலுக்கும் நடுவே பெரிய ஏரி! டிராமில் ஏறி, பிறகு மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். இரவு வாணவேடிக்கை முடிந்ததும் அத்தனை கூட்டமும் ஒன்றாகத் திரும்பும். அப்போதுதான் நம் இங்கிதத்துக்குப் பரீட்சை.

டிராமில் ஏறுமுன் குழந்தையின் தள்ளுவண்டியை மடக்கியாக வேண்டும். வரிசையில் நிற்கும்போதே அதிலுள்ள பைகளை எடுத்துவிடுங்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி திண்டாடினால், "பையை நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேளுங்களேன்! சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குப் படகு சௌகரியம். நாற்காலியோடு அப்படியே ஏறலாம். மோனோரயிலில் சாய்வுப் பலகை போடுவார்கள். அந்த இரண்டு நிமிஷம் முணுமுணுக்காமல் வழி விடுவோம்.

முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எழுந்து இடம் கொடுப்பது நமக்குத் தெரிந்ததுதான். எழுந்திருக்காதவர்களை முறைப்பது மட்டும் கூடாது. என் தங்கைக்கு 35 வயசு. பார்த்தால் ஆரோக்கியமாகத்தான் இருப்பாள். ஆனால் மூட்டுவாதம், சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் நின்றால் முழங்கால் வீங்கிவிடும். மோனோரயிலில் அவள் உட்கார்ந்து வந்தபோது, "சின்ன வயசுதானே, எழுந்தா என்னவாம்?" என்று தமிழிலேயே ஒரு குரல்! இறங்கும்வரை அவள் தலை நிமிரவேயில்லை.

எல்லா நோவும் வெளியே தெரியாது, சகோதரிகளே. நம்மால் நிற்க முடிந்தால் நாம் எழுந்து கொடுப்போம். நமக்கு இடம் வேண்டுமானால் வாய்விட்டுக் கேட்போம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.